தவறு செய்வதற்கென ஓர் அறை

சென்ற மாதம் காலைச் சுற்றின்போது, பக்கவாதத்தால் படுத்திருந்த முதியவர் ஒருவரின் மகள் என்னைச் சற்றுத் தள்ளி அழைத்து ஒரு கேள்வி கேட்டார். குரலில் கோபமில்லை, தயக்கமே இருந்தது. “டாக்டர், இந்த நர்சிங் பிள்ளைங்க எங்கப்பா மேலதான் பழகுறாங்களா?” சிறிது நேரத்துக்கு முன்புதான், மூன்றாமாண்டு மாணவி ஒருவர் மூத்த செவிலியரின் மேற்பார்வையில் அவருடைய தந்தைக்கு டிரிப் ஊசியை மாற்றியிருந்தார்.

நியாயமான கேள்வி. இந்த இதழைப் படிக்கும் பலரும் கேட்க நினைத்து, கேட்டால் கவனிப்பில் குறை வந்துவிடுமோ என்று அஞ்சி விழுங்கிக்கொண்ட கேள்வியாகவும் இருக்கலாம். அன்று நின்றவாறே நான் அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

ஆம், ஓரளவுக்கு உங்கள் தந்தையிடமும் அவர்கள் கற்கிறார்கள். நோயாளியைத் தொடாமல் எவரும் செவிலியராக ஆனதில்லை, மருத்துவராகவும் ஆனதில்லை. ஆனால் அந்த மாணவி உங்கள் தந்தையின் கட்டிலருகே வருவதற்கு முன் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்பது என் மாணவப் பருவத்திலிருந்து பெரிதும் மாறியிருக்கிறது.

நான் படித்த காலத்தில், “ஒன்றைப் பார், அடுத்ததைச் செய், அதற்கடுத்ததைக் கற்றுக்கொடு” என்பது மருத்துவக் கல்லூரிகளில் வழங்கிய வாய்மொழி. செவிலிய மாணவியர் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகினர். அடுத்த ஊசி மனிதக் கையில். பழத்துக்கும் கைக்கும் நடுவே வேறு படி எதுவும் இருக்கவில்லை. பயிற்சி மருத்துவராக இருந்த முதல் வாரத்தில் ஒரு மூதாட்டியின் கையில் நான் மூன்று முறை குத்தியும் “நரம்பு” கிடைக்கவில்லை. (ஊசி ஏற்றும் இரத்தக் குழாயைத்தான் நாம் நரம்பு என்கிறோம், அது உண்மையில் சிரை. பேச்சுவழக்கை மாற்ற நான் முயல்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.) மூன்றாவது முறை தவறியபோது அந்த மூதாட்டி, “பரவாயில்ல ராசா, இன்னொரு தடவை பாரு” என்றார். நாங்கள் கற்றது அத்தகையோரின் பொறுமையால். அந்தக் கடன் தீரக்கூடியதன்று.

ஆயினும் ஊசி குத்துவது கைத்திறன். சில நாட்களில் வந்துவிடும். என்னை இன்றும் உறுத்துவது வேறொரு நிகழ்ச்சி. அதைச் சொன்னால்தான் எங்கள் செவிலியர் கல்லூரிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் அறை எதற்காக என்பது விளங்கும்.

ஓர் இரவுப் பணி

எம்.டி. படித்துக்கொண்டிருந்தபோது, வேறொரு மருத்துவமனையில், இரவுப் பணியில் இருந்தேன். காலில் ஆறாத புண்ணுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த, இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளி ஒருவர். இரவு பத்து மணி அளவில் அவருடைய மனைவி என்னிடம் வந்தார். “தம்பி, இவர் பேச்சு ஒரு மாதிரியா இருக்கு. என்னை எங்க நாத்தனார் பேர் சொல்லிக் கூப்பிடுறார்.” நான் கட்டிலருகே போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இருந்தது. காய்ச்சலும் தூக்கக் கலக்கமும்தான், காலையில் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். அருகில் செவிலிய மாணவி ஒருவர் நின்றிருந்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததையும், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டதையும் நான் கண்டேன். கண்டும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவருக்கு வலிப்பு வந்தது. இரத்தச் சர்க்கரை 28. மாலையில் வழக்கமான அளவு இன்சுலின் போடப்பட்டிருந்தது. குமட்டலால் அவர் இரவுணவில் இரண்டு வாய்க்கு மேல் உண்டிருக்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றியபின் மெல்ல மெல்லத் தெளிந்தார். பிழைத்தார், சில வாரங்களில் நடந்தே வீடு திரும்பினார். மறுநாள் அந்த அம்மையார் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மனைவிக்கு ஏதோ சரியில்லை என்பது தெரிந்திருந்தது. மாணவிக்கு ஐயம் எழுந்திருந்தது. மருத்துவனான எனக்குப் பாடமும் தெரியும். சர்க்கரை குறைந்தால் குழப்பம் வரும் என்பதைத் தேர்வில் பலமுறை எழுதியவன். குறைந்தது அறிவன்று. கேட்பதும் சொல்வதும்தான் அங்கே நிகழவில்லை. அவற்றை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கோ அந்த மாணவிக்கோ கற்றுத்தந்திருக்கவில்லை.

மூன்றாம் மாடியில்

அந்த அறை ஒரு வார்டைப் போலவே இருக்கும். கட்டில்கள், ஆக்சிஜன் குழாய், மானிட்டர், மருந்து வண்டி எல்லாம் உண்டு. கட்டிலில் படுத்திருப்பவர் மட்டும் மனிதரல்லர், ஆளுயரப் பொம்மை. அதற்கு நாடி துடிக்கும், மார்பு ஏறி இறங்கும், கண்மணி சுருங்கும். ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னே அமர்ந்திருக்கும் ஆசிரியை ஒலிவாங்கி வழியே பொம்மையின் குரலாகப் பேசுவார். மாணவியர் அதற்குச் சண்முகம் ஐயா என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதற்கு வியர்க்காது, ஆகவே வியர்வை தேவைப்படும் நாளில் இஸ்திரி போடுபவர் தெளிப்பதுபோல் நெற்றியில் நீர் தெளித்துவிடுகிறோம். இதற்கு ஆங்கிலத்தில் சிமுலேஷன் என்று பெயர். தமிழில் பாவனைப் பயிற்சி எனலாம்.

பொம்மை நோயாளி புதியதன்று. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனையின் செவிலியர் பள்ளிக்காக, பொம்மை செய்பவரான மார்த்தா சேஸ் என்ற பெண்மணி ஆளுயரப் பொம்மை ஒன்றை உருவாக்கினார். நோயாளியைப் புரட்டவும், குளிப்பாட்டவும், படுக்கை விரிப்பை மாற்றவும் அதில் பழகினர். ‘மிஸஸ் சேஸ்’ என்றே அது அழைக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1960இல், நார்வே நாட்டின் ஸ்டவாங்கர் நகரத்துப் பொம்மைத் தொழிலதிபர் அஸ்முண்ட் லேர்டால், நின்றுபோன இதயத்தை மீட்கும் முதலுதவியைப் பழகுவதற்கு ‘ஆன்’ என்ற பொம்மையை வெளியிட்டார். நீரில் மூழ்கவிருந்த தம் இரண்டு வயது மகனைத் தாமே மீட்ட தந்தை அவர். அப்பொம்மைக்கு அவர் தேர்ந்த முகம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசின் சேன் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத இளம்பெண் ஒருத்தியின் முகம். அவளைக் காப்பாற்ற எவரும் இருக்கவில்லை. உலகெங்கும் எத்தனையோ கோடிப் பேர் மார்பை அழுத்திப் பழகியது அவள் முகத்தைப் பார்த்தபடி. என் மாணவியரிடம் இதைச் சொல்லும் நாளில் அறை சற்று நேரம் அமைதியாகிவிடும்.

எங்கள் அறையில் நடத்தப்படும் பயிற்சிகளில் ஒன்று, நான் மேலே சொன்ன இரவு. நானே எழுதித் தந்தது. சண்முகம் ஐயாவுக்குக் காலில் புண், இன்சுலின் போடப்பட்டிருக்கிறது, இரவுணவுத் தட்டு பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. மனைவியாக நடிப்பவர் எங்கள் மூத்த செவிலியர் ஒருவர், நன்றாகவே நடிப்பார். அலட்சியமான மருத்துவராக நான் நடிக்கிறேன். அதற்கு எனக்கு ஒத்திகை தேவைப்படுவதில்லை.

சென்ற பருவத்தில் ஒரு குழு. மனைவி வந்து, “பேச்சு ஒரு மாதிரியா இருக்கும்மா” என்கிறார். மாணவி நாடி பார்க்கிறார், இரத்த அழுத்தம் பார்க்கிறார், என்னை அழைக்கிறார். “காய்ச்சல்தான், காலையில் பார்க்கலாம்” என்று நான் நகர்கிறேன். மாணவி குறிப்பேட்டில், “மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது” என்று அழகான கையெழுத்தில் எழுதுகிறார். நான்கு நிமிடத்தில் சண்முகம் ஐயாவின் உடல் வலிப்பில் குலுங்குகிறது. மாணவியின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. பொம்மைதானே என்று அந்தக் கணத்தில் எவருக்கும் தோன்றவில்லை என்பதை அவர்கள் முகங்கள் காட்டின.

பயிற்சிக்குப் பின் நடப்பது

பார்வையாளர்கள் பொம்மையின் கண் சிமிட்டலை வியந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என் கணிப்பில் பொம்மை இதில் இரண்டாம் இடம்தான். பத்து நிமிடப் பாவனைக்குப் பின் அரைமணி நேரம் வட்டமாக அமர்ந்து பேசுகிறோமே, கற்றல் அங்கேதான் நிகழ்கிறது. அந்த வட்டத்தில் ஆசிரியர் “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று கேட்கக்கூடாது என்பது எங்கள் விதி. “அந்த நேரத்தில் உங்கள் மனத்தில் என்ன ஓடியது?” என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு மன்னிப்பு வரும். இரண்டாவதற்கு உண்மை வரும். அங்கே நடப்பதற்கு மதிப்பெண் கிடையாது. பேசியது அறையைவிட்டு வெளியே போகாது.

அன்று மாணவி சொன்னார்: “உணவுத் தட்டைப் பார்த்தேன் சார். சுகர் பார்க்கணும்னு தோணுச்சு. ஆனா டாக்டர் சொன்ன பிறகு நான் எப்படி…” வாக்கியம் முடியவில்லை. வட்டத்தில் இருந்த இன்னொரு பெண் மெதுவாகச் சொன்னார்: “எங்க பாட்டிக்கும் இப்படித்தான். சாப்பிடாம ஊசி போட்டா ஆளே மாறிடுவாங்க, சம்பந்தமில்லாம திட்டுவாங்க. நாங்க முதல்ல சீனித் தண்ணிதான் கொடுப்போம்.” இரண்டாண்டுகளாக வகுப்பில் வாயே திறக்காத பெண் அவர். ஒரு கணம் அவரே ஆசிரியரானார்.

வயது வந்தவர்கள் கற்கும் விதம் தனித்தன்மை உடையது என்று வாதிட்டவர் அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ். 1970இல் அவர் வெளியிட்ட நூலின் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். வளர்ந்தவர் வெற்றுப் பாத்திரமாக வகுப்புக்கு வருவதில்லை. வாழ்ந்த வாழ்க்கையோடு வருகிறார். எதற்காகக் கற்கிறோம் என்று தெரிந்தால்தான் அவர் மனம் ஊன்றும். நாளைக்கே எதிர்கொள்ளப்போகும் சிக்கலை ஒட்டிக் கற்றால் நிற்கும். அவமதிக்கப்பட்டால் கற்கமாட்டார். வளர்ந்தோர்க்கு மட்டுமே உரியதெனத் தொடக்கத்தில் தாம் போட்ட கோட்டை நோல்ஸே பின்னாளில் தளர்த்தினார். குழந்தைகளும் பல வேளைகளில் அப்படித்தானே கற்கிறார்கள்! ஆனால் நம் நாட்டில் இதற்குக் கூடுதல் பொருளுண்டு. எங்களிடம் வரும் மாணவி பத்தொன்பது வயதினர். பிளஸ் டூ வரை பாடத்தின் இறுதியில் உள்ள வினா விடைகளை மனனம் செய்து ஏறி வந்தவர். கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி எனப்பட்டவர். அவரைத்தான் ஓரிரு ஆண்டுகளில், நள்ளிரவில், ஒரு மருத்துவரிடம் “சார், எனக்கு இது சரியாகப் படவில்லை” என்று சொல்லத் துணிந்தவராக ஆக்க வேண்டியிருக்கிறது. சொற்பொழிவால் அது ஆகாது. ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். அதற்கொரு இடம் வேண்டும்.

வட்டத்தில் அவர்களாகவே கண்டடைந்த செய்தி ஒன்று உண்டு. விரலில் இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க அவர்கள் எவருடைய அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் வார்டு நடைமுறையிலேயே அது இருக்கிறது. அச்சத்தில் அது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. மருத்துவரிடம் எவ்வாறு தெரிவிப்பது என்பதற்கு ஓர் ஒழுங்கும் பழக்குகிறோம்: இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, என் வேண்டுகோள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை அது. சுருங்கச் சொல்லவும், கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடவும் அது உதவுகிறது.

அன்று மாலையே அதே காட்சியை மீண்டும் நடத்தினோம். நான் வழக்கம்போல் “காய்ச்சல்தான்” என்றேன். அதே மாணவி, குரல் நடுங்க, ஆனால் நிறுத்தாமல் சொன்னார்: “சார், நோயாளி குழப்பமாகப் பேசுகிறார். மாலை இன்சுலின் போட்டிருக்கிறது; இரவுணவு சரியாக உண்ணவில்லை. சர்க்கரை குறைந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். இப்போதே பார்க்கிறேன், நீங்கள் இங்கேயே இருக்க வேண்டும்.” கடைசிச் சொற்றொடர் அவராகவே சேர்த்துக்கொண்டது. நான் நின்றேன். பாவனைதான், இருந்தும் எனக்குத் தொண்டை அடைத்தது.

பொம்மையால் முடியாதவை

இதை மந்திரக்கோலாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. பொம்மைக்கு வெட்கமில்லை, உடையை விலக்கும்போது அது முகத்தைத் திருப்பிக்கொள்ளாது. மருத்துவமனைக் கட்டணம் பற்றிய கவலை அதற்கு இல்லை. புண்ணின் வாடை அதற்கில்லை. பொம்மையிடம் மட்டுமே பழகிய கை, உயிருள்ள கையைப் பிடிக்கும்போது மறுபடி ஒருமுறை கற்கத்தான் வேண்டும். அதனாலேயே பேச்சும் ஆறுதலும் முதன்மையான பயிற்சிகளில் பொம்மையை ஒதுக்கிவிட்டு மனிதரையே நோயாளியாக நடிக்கவைக்கிறோம். 1963இலேயே ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கிவைத்த வழி அது, செலவும் குறைவு.

பாவனைப் பயிற்சியால் நன்மை உண்டா என்று கேட்பீர்களானால், 2014இல் அமெரிக்காவில் செவிலியர் உரிமம் வழங்கும் மாநில வாரியங்களின் தேசியப் பேரவை வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்லலாம். பத்துச் செவிலியர் கல்வி நிறுவனங்களில் வார்டுப் பயிற்சி நேரத்தின் ஒரு பகுதியை, சிலருக்குப் பாதி வரை, பாவனைப் பயிற்சியாக மாற்றினார்கள். உரிமத் தேர்விலும், பணியில் சேர்ந்த முதல் ஆறு மாதங்களிலும், அவர்கள் மற்றவர்களுக்குப் பின்தங்கவில்லை. ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் முறையான பின்னுரையாடலும் அங்கே இருந்தன. விலையுயர்ந்த பொம்மையை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்து, ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் தூசி தட்டும் இடங்களுக்கு அந்த முடிவு பொருந்தாது. நம் நாட்டிலும் 2021இல் வந்த புதிய பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்திட்டம் பாவனைப் பயிற்சிக்கு இடம் தந்திருக்கிறது. ஆசிரியர்களைப் பழக்குவதில்தான் இனி வேலை இருக்கிறது.

உங்களுக்குச் சில சொற்கள்

உங்களிடம் வருபவர் மாணவியா, பணியில் உள்ள செவிலியரா என்று கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. மேற்பார்வையாளர் அருகில் இருக்கிறாரா என்றும் கேட்கலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம். அதனால் கவனிப்பு குறையாது. சம்மதித்தால், வலித்தபோது வலிக்கிறதென்று சொல்லுங்கள். நன்றாகச் செய்தால் அதையும் சொல்லுங்கள். மதிப்பெண்ணைவிட அது அவர்களிடம் நெடுநாள் தங்குகிறது.

உங்கள் வீட்டுக்காரர் “ஒரு மாதிரி” இருக்கிறார் என்று தோன்றினால், மருத்துவச் சொல் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். முப்பதாண்டு உடன் வாழ்ந்தவருக்குத் தெரிவது எந்த மானிட்டரிலும் வராது. ஒருமுறை சொல்லிக் கேட்காவிட்டால் மறுமுறை சொல்லுங்கள். அப்போதும் கேட்காவிட்டால் வார்டுப் பொறுப்புச் செவிலியரை அழைக்கச் சொல்லுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் உணவைத் தவறவிட்டு, வியர்த்து, நடுங்கி, குழம்பிப் பேசினால், வீட்டிலென்றால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். 70க்குக் கீழ் இருந்தாலோ, பார்க்கக் கருவி இல்லாவிட்டாலோ, நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள்; குறைவாகவே இருந்தால் மறுபடி கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

இன்னொன்று. மூன்றாம் மாடி அறை மாணவியர்க்கு மட்டும் உரியதன்று. நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகும் நீங்களும் வயது வந்த மாணவர்கள்தாம். வீடு திரும்பும் நாளன்று, மருந்துச் சீட்டோடு சேர்த்து அவசரமாகச் சொல்லப்படும் பத்து அறிவுரைகளில் எத்தனை நினைவில் நிற்கும்? இன்சுலின் ஊசி போடுவது, மூக்குக் குழாயில் உணவு கொடுப்பது, படுக்கைப் புண் வராமல் புரட்டுவது ஆகியவற்றை வீடு திரும்ப இரண்டு நாட்களுக்கு முன்பே அந்த அறையில் பொம்மையிடம் பழகிப் பார்க்கலாம். வார்டுப் பொறுப்புச் செவிலியரிடம் சொன்னால் நேரம் ஒதுக்கித் தருவார்.

தொடக்கத்தில் சொன்ன முதியவரின் மகளும் சென்ற வாரம் அங்கே வந்தார். தந்தைக்கு இன்னும் விழுங்க வரவில்லை. குழாய் வழியேதான் உணவு. முதன்முறை, தலைப்பக்கத்தை உயர்த்தாமலே பொம்மைக்கு உணவைச் செலுத்திவிட்டார். கண்ணாடிக்குப் பின்னிருந்து சண்முகம் ஐயா பலமாக இருமினார். அந்தப் பெண் திடுக்கிட்டுக் கையை எடுத்தார், பிறகு சிரித்துவிட்டார். அருகில் நின்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர், அவருடைய தந்தைக்கு டிரிப் ஊசி மாற்றிய அதே மாணவி. இரண்டாம் முறை தலைப்பக்கம் உயர்ந்தது, குழாயின் அளவுக்குறி சரிபார்க்கப்பட்டது, உணவு மெல்ல இறங்கியது. போதுமா என்று மாணவி கேட்டார். “இன்னொரு தடவை செஞ்சு பார்க்கிறேனே” என்றார் மகள்.